பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது: புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

பராமரிப்புப் பிரிவில் சேர்ந்த புதிதில் மூத்த ஃபிட்டர் ஒருவர் என் கையில் கிரீஸ் கன்னைக் கொடுத்து, "நிப்பிள் தெரியுற இடத்துல எல்லாம் நாலு அடி அடிச்சிட்டு வா தம்பி" என்றார். நிப்பிள் என்பது கன்னை மாட்டி கிரீஸ் செலுத்தும் சிறு முனை; ஓர் அடி என்பது கன்னின் கைப்பிடியை ஒருமுறை முழுதாக அழுத்துவது. பயிற்சி அவ்வளவுதான். மூன்றாவது வாரம் ஒரு பம்ப் மோட்டார் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. கிரீஸ் வற்றியிருக்கும் என்று நானே முடிவு கட்டி, பத்து அடி அடித்தேன். மறுநாள் சூடு கூடியிருந்தது. இன்னும் பத்து அடித்தேன். நான்காம் நாள் மோட்டாரைக் கழற்றினால், உள்பக்க சீல் பிதுங்கி, காயில் முழுக்க கிரீஸ் களிமண் பூசியது போல அப்பிக் கிடக்கிறது. பேரிங்கைத் துடைத்துப் பார்த்தோம். பந்துகளில் ஒரு கீறல் இல்லை. ரீவைண்டிங்குக்குப் போனது மோட்டார்தான்.

அதற்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகள் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கிரீஸ் போடும் பேரிங்குகளைப் பற்றி மட்டும்தான். எண்ணெய்க் குளியலில் ஓடுபவை வேறு கதை.

1. கன்னைத் தொடுவதற்கு முன் பட்டியல்

முதல் வேலை ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஆலையைச் சுற்றி வருவது. ஒவ்வொரு நிப்பிளுக்கும் ஒரு வரி. இயந்திரத்தின் பெயர், எந்தப் பக்கத்து பேரிங், பேரிங் எண், நிமிடத்துக்கு எத்தனை சுற்று, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இப்போது என்ன கிரீஸ் போகிறது, சுற்றுப்புறம் எப்படி (தூசி, தண்ணீர், வெப்பம்). சுமார் நூறு நிப்பிள்களுக்கு எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதில் பாதி நேரம் பேரிங் எண்ணைத் தேடியே போனது.

எண்ணை எங்கே தேடுவது? மோட்டாரின் பெயர்ப்பலகையில் பல சமயம் இரு பக்கத்து பேரிங் எண்ணும் இருக்கும். கொஞ்சம் பெரிய மோட்டார்களில் எந்த கிரீஸ், எத்தனை கிராம், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தனித் தகடே அடித்திருப்பார்கள். அதன்மேல் பெயின்ட் பூசி மறைத்திருந்தால் சுரண்டிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். அங்கே இல்லையென்றால் இயந்திரத்தோடு வந்த கையேடு. அதுவும் இல்லையென்றால் ஸ்டோரின் பழைய வழங்கல் பதிவேடு: கடைசியாக எந்த பேரிங் வாங்கிப் போட்டார்கள் என்று அதில் தெரியும். ஆனால் அதை முழுக்க நம்ப வேண்டாம். ஸ்டோரில் இருந்ததைப் போட்டுச் சமாளித்த கதை எல்லா ஆலையிலும் உண்டு.

இன்னும் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்று, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு கிரீஸின் தொழில்நுட்பத் தரவுத் தாள். மற்றது பாதுகாப்புத் தரவுத் தாள். இரண்டையும் கிரீஸ் விற்பவர் இலவசமாகத் தருவார். தர மறுப்பவரிடம் கிரீஸ் வாங்காதீர்கள்.

2. எண்ணைப் படிக்கப் பழகுதல்

6312 என்று இருந்தால், கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 60 மி.மீ. உள்விட்டம். 04 முதல் மேலே உள்ள வழக்கமான எண்களுக்கு இந்தக் கணக்கு சரி. 00, 01, 02, 03 என்பவை முறையே 10, 12, 15, 17 மி.மீ. முன்னால் உள்ள 63 என்பது பந்து பேரிங்கின் வகையையும் கனத்தையும் சொல்கிறது. 222 என்று தொடங்கினால் அது இரட்டை வரிசை ஸ்ஃபெரிக்கல் ரோலர்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகள்தான் புதியவர்களைக் கவிழ்ப்பவை. இசட் இசட் என்றால் இருபுறமும் தகர மூடி. 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல். இவை வரும்போதே கிரீஸ் நிரப்பி வருபவை, வெளியிலிருந்து கிரீஸ் தேவையில்லை. சி3 என்றால் உள்ளிடைவெளி, அதாவது பந்துகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே உள்ள இடம், வழக்கத்தைவிடக் கூடுதல். மோட்டாரில் சி3 இருந்த இடத்தில், "எண் ஒண்ணுதானே" என்று சாதாரணத்தைப் போட்டால், உள்வளையம் சூட்டில் விரியும்போது பந்துகள் இறுகிக்கொள்ளும்.

ஒரு கண்ணியைக் குறித்துக்கொள்ளுங்கள். நிப்பிள் உள்ள ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூடு) யாரோ அவசரத்துக்கு 2ஆர்எஸ் பேரிங்கை மாட்டியிருப்பார்கள். நீங்கள் மாதாமாதம் கிரீஸ் அடிப்பீர்கள். ஒரு துளியும் பந்துகளுக்குப் போகாது, ஹவுசிங் மட்டும் நிரம்பிக்கொண்டே இருக்கும். பட்டியலில் அந்த வரிக்கு நேரே சிவப்பில் ஒரு கோடு போட்டு, நிப்பிளைக் கழற்றி பிளக் போட்டுவிடுங்கள்.

3. எந்த கிரீஸ்

கிரீஸில் மசகு வேலையைச் செய்வது எண்ணெய். சோப்பு போன்ற ஒரு கெட்டிப்பொருள் அந்த எண்ணெயைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். எனவே தரவுத் தாளில் மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது கெட்டித்தன்மை. அதை என்எல்ஜிஐ என்ற தர எண்ணால் குறிப்பார்கள். என்எல்ஜிஐ 2 என்பது பெரும்பாலான பேரிங்குகளுக்குப் போதும். நீண்ட குழாய்கள் வழியே கிரீஸ் அனுப்பும் மைய அமைப்புகளுக்கு 1, அல்லது அதைவிட இளகியது.

இரண்டாவது, உள்ளே உள்ள எண்ணெயின் பிசுபிசுப்பு. 40 டிகிரி செல்சியஸில் அளந்து போட்டிருப்பார்கள். வேகமாக ஓடும் மோட்டார்களுக்கு 100-ஐ ஒட்டிய எண். மெதுவாகவும் பாரமாகவும் சுற்றும் உருளைகளுக்கு 220 முதல் 460 வரை. "ஹெவி டியூட்டி கிரீஸ், எல்லாத்துக்கும் போடலாம்" என்று விற்பவர் சொன்னால் இந்த எண்ணைக் கேளுங்கள். 460 உள்ள கிரீஸை வேகமான மோட்டாரில் போட்டால் சுற்றிச் சுற்றியே சூடாகும்.

மூன்றாவது கெட்டிப்பொருள். லித்தியம், லித்தியம் காம்ப்ளெக்ஸ், பாலியூரியா, கால்சியம் சல்ஃபோனேட் என்று பல உண்டு. இங்கேதான் நான் இரண்டாம் முறை மாட்டினேன். ஒரு மோட்டாரில் பாலியூரியா கிரீஸ் போய்க்கொண்டிருந்தது. டப்பா தீர்ந்துபோகவே, அதே நீல நிறத்தில் ஸ்டோரில் இருந்த லித்தியம் கிரீஸை அடித்தேன். ஒரு வாரத்தில் சீல் ஓரமாக நீலத் தண்ணீராக ஒழுகியது. விரலால் தொட்டால் கிரீஸ் என்று சொல்லவே முடியாது. இந்த இரண்டு கெட்டிப்பொருளும் கலந்தால் பெரும்பாலும் ஒன்றின் பிடியை மற்றொன்று குலைத்துவிடும், பிடித்து வைத்திருந்த எண்ணெய் ஓடிவிடும். நிறம் வெறும் சாயம். நீலம், சிவப்பு, பச்சை எதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாது.

கிரீஸ் வகையை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பேரிங்கைத் திறந்து பழையதை முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டு மாற்றுங்கள். திறக்கவே முடியாத இடத்தில், இரண்டும் ஒத்துப்போகும் என்று கிரீஸ் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, சில முறை குறுகிய இடைவெளியில் புதியதை அடித்துப் பழையதைத் தள்ள வேண்டும்.

ஒரு கிரீஸுக்கு ஒரு கன். அதன்மேல் அந்த கிரீஸின் பெயரும் ஒரு நிறப் பட்டையும், அதே நிறத்தில் நிப்பிளைச் சுற்றி ஒரு பட்டை. கூடுதலாக ஒரு கன் வாங்கச் செலவாகிறதே என்று மேலாளர் யோசித்தால், ஒரு மோட்டார் ரீவைண்டிங் பில்லைக் காட்டுங்கள். நான் என் சொந்த பில்லைத்தான் காட்டினேன்.

4. எவ்வளவு: அடியை எண்ணாமல் கிராமை எண்ணுங்கள்

மறு கிரீஸிங்குக்கு உலகம் முழுக்கப் பயன்படும் எளிய கணக்கு இது:

கிராம் = 0.005 × வெளிவிட்டம் × அகலம் (இரண்டும் மி.மீ.)

6312-க்கு வெளிவிட்டம் 130, அகலம் 31. ஆக, 20 கிராம். அதே மோட்டாரின் பின்பக்கம் 6310 இருந்தால், 110-ம் 27-ம், 15 கிராம் வரும். இரு பக்கமும் ஒரே அளவு அடிப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பெயர்ப்பலகையிலோ கையேட்டிலோ வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சட்டம், இந்தக் கணக்கு இல்லை.

சரி, 20 கிராம் என்றால் எத்தனை அடி? அது உங்கள் கன்னைப் பொறுத்தது. சிலவற்றில் ஓர் அடிக்கு ஒரு கிராம்கூட வராது, சிலவற்றில் இரண்டு கிராமுக்கு மேல் வரும். ஒரு காகிதத்தைச் சிறிய மின்னணுத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். கன்னின் முனையைத் துடைத்து, நிதானமாக முழு அடியாகப் பத்து அடி அடியுங்கள். என் கன்னில் 13 கிராம் வந்தது, அடிக்கு 1.3. அப்படியானால் 6312-க்கு 15 அடி, 6310-க்கு 11 அல்லது 12. இந்த எண்ணை கன்னின் உடம்பிலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடை போடுங்கள், உள்ளே பிஸ்டன் தேயத் தேய அளவு குறையும்.

டப்பா மாற்றியதும் கன்னுக்குள் காற்று சிக்கியிருக்கும். கெட்டியான கிரீஸ் தொடர்ந்து வரும்வரை வெளியே அடித்துத் தள்ளிவிட்டுத்தான் நிப்பிளில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் 15 அடி அடித்ததாகக் கணக்கு இருக்கும், போனது ஐந்து அடி காற்று.

புதிதாக ஹவுசிங் நிரப்பும்போது கணக்கு வேறு. பேரிங்கின் உள்ளே முழுக்க கிரீஸ் திணிக்கலாம், ஆனால் சுற்றியுள்ள வெற்றிடத்தில் 30 முதல் 50 சதவீதம்தான். மீதி இடம் பேரிங் உதறித் தள்ளும் கிரீஸுக்கு. அந்த இடத்தையும் அடைத்துவிட்டால் கிரீஸ் கடைந்துகொண்டே இருக்கும், சூடு ஏறிக்கொண்டே போகும். என் முதல் மோட்டாருக்கு நடந்தது இதுதான்.

5. எப்போது

"மாதம் ஒருமுறை எல்லாத்துக்கும்" என்பது திட்டமே இல்லை. பராமரிப்புக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு:

மணி நேரம் = கெ × (1,40,00,000 ÷ (சுற்று வேகம் × உள்விட்டத்தின் வர்க்கமூலம்) − 4 × உள்விட்டம்)

பார்க்கப் பயமாக இருக்கும், கால்குலேட்டரில் அரை நிமிட வேலை. 6312, நிமிடத்துக்கு 1,500 சுற்று: அடைப்புக்குள் சுமார் 965 வரும். 'கெ' என்பது நிலைமைக்கேற்ற பெருக்கல் எண்களின் தொகுப்பு. பந்து பேரிங் என்றால் 10, உருளை வடிவ ரோலர் என்றால் 5, ஸ்ஃபெரிக்கல் அல்லது டேப்பர் ரோலர் என்றால் 1. ஆக, சுத்தமான, குளிர்ந்த இடத்தில் படுக்கைவாட்டில் ஓடும் பந்து பேரிங்குக்குச் சுமார் 9,650 மணி நேரம். ஓர் ஆண்டு இடைவிடாமல் ஓட்டினாலும் 8,760 மணிதான்.

இப்போது நிஜ ஆலைக்கு வாருங்கள். ஹவுசிங் வெப்பம் 65-க்கும் 80 டிகிரிக்கும் இடையே இருந்தால் 0.5-ஆல் பெருக்குங்கள். லேசான, அராவும் தன்மையுள்ள தூசி இருந்தால் 0.4. இரண்டும் சேர்ந்தால் 9,650 என்பது 1,930 மணியாகச் சுருங்கும், இடைவிடாமல் ஓடினால் 80 நாள். ஷாஃப்ட் செங்குத்தாக நின்றால் இன்னொரு 0.3. அதே வேகத்தில் அதே உள்விட்டமுள்ள ஸ்ஃபெரிக்கல் ரோலர் என்றால், நல்ல நிலைமையிலேயே 965 மணிதான், அதாவது 40 நாள். ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு இயந்திரங்களுக்கு ஒரே தேதி ஏன் பொருந்தாது என்று இதில் தெரிந்துவிடும்.

இந்த எண்ணைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, வெளியே வரும் பழைய கிரீஸைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். வரும் கிரீஸ் புதிதாகவே இருந்தால் இடைவெளியைக் கூட்டலாம். கறுத்து, உலர்ந்து, விரலில் நரநரவென்று உறுத்தினால் குறைக்க வேண்டும்.

6. கிரீஸ் அடிக்கும் நாள்

எடுத்துப் போக வேண்டியவை: எடை பார்த்த கன், நூல் உதிராத துணி, டிரெயின் பிளக்குக்கான (பழைய கிரீஸ் வெளியேறும் ஓட்டையின் மூடி) ஸ்பேனர், வெப்பமானி, பட்டியல். பஞ்சு வேஸ்ட்டைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். அதன் ஒரு நூலிழை நிப்பிளில் ஒட்டினால் கிரீஸோடு நேரே பேரிங்குக்குள் போய்விடும்.

நிப்பிள் பாதுகாப்பு வேலிக்கு வெளியே, எட்டும் தூரத்தில் இருந்தால் ஓடும்போதே அடிக்கலாம். அதுதான் நல்லது, கிரீஸ் சீராகப் பரவும். கை நுழைத்து எட்டும் இடத்தில் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. இயந்திரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, உங்கள் பெயர் எழுதிய அட்டை மாட்டி, அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகுதான். "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்று யார் சொன்னாலும் சரி. நின்றிருக்கும் இயந்திரத்தில் பாதி அளவு அடித்து, ஷாஃப்ட்டைக் கையால் சில சுற்று சுற்றி, மீதியை அடியுங்கள்.

முதலில் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். பளபளக்கும் உலோகத்தின்மேல் அகச்சிவப்பு வெப்பமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் ஹவுசிங்கில் ஒரு கறுப்பு மேட் பெயின்ட் பொட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் அங்கேயே அளக்கிறேன்.

பிறகு டிரெயின் பிளக்கைக் கழற்றுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்த்ததால்தான் நான் ஒரு மோட்டாரை இழந்தேன். பிளக் இருந்த ஓட்டையில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். அதை மெல்லிய மரக்குச்சியாலோ சிறு பிரஷ்ஷாலோ எடுங்கள். ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குடையாதீர்கள். வழி இல்லாமல் அடைத்துக்கொண்டால், கை கன்னே சில நூறு பார் அழுத்தம் தரக்கூடியது. உதட்டு சீல் அதற்கு முன் எம்மாத்திரம்?

நிப்பிளையும் கன் முனையையும் துடைத்துவிட்டு, மெதுவாக, அடிக்கு அடி சில வினாடி விட்டு அடியுங்கள். கைப்பிடி திடீரென்று இறுகினால் நிறுத்திவிடுங்கள். நிப்பிள் அடைத்திருக்கலாம், குழாய் நசுங்கியிருக்கலாம். பலம் காட்டினால் சீல்தான் போகும்.

கணக்குப்படி முடிந்ததும் பிளக்கைத் திறந்தே வைத்து ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். உபரி தானாக வெளியேறும். அந்த நேரத்தில் அடுத்த மூன்று நான்கு இயந்திரங்களை முடித்துவிட்டு, திரும்பி வரும் வழியில் துடைத்து பிளக்கை மாட்டுங்கள். பிளக்குகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டால் எதையும் மாட்ட மறக்க மாட்டீர்கள். அப்படி மறந்த ஒன்றில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் புகுந்தது, அது வேறு அத்தியாயம். ஓர் இடத்துக்குக் கைவேலை மட்டும் பழகாதவருக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. அடித்த பிறகு

முதல் சில மணி நேரம் வெப்பம் ஏறும். பதறி மறுபடி கன்னை எடுக்காதீர்கள். புதிய கிரீஸ் பரவி உபரி வெளியேறியதும் இறங்கும். மறுநாளும் இறங்காவிட்டால் கூடுதலாக அடித்திருக்கிறீர்கள்: பிளக்கைத் திறந்து ஓடவிடுங்கள்.

பதிவேட்டில் தேதி, கிராம், முன்னும் பின்னும் வெப்பம், வெளியே வந்த கிரீஸின் நிறம், கையொப்பம். "கிரீஸ் அடிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதும் பழக்கம் எனக்கும் இருந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு பேரிங் சத்தம் போட்டபோது அந்த நான்கைந்து பக்கத்தைப் புரட்டினேன், ஒன்றும் தெரியவில்லை.

8. கிரீஸால் தீராத சத்தம்

கிரீஸ் அடித்ததும் சத்தம் அடங்கி, சில மணி நேரத்தில் திரும்பி வந்தால் பேரிங் ஏற்கெனவே சேதமாகிவிட்டது. மேலும் அடிப்பதில் பயனில்லை, மாற்றும் தேதியைக் குறியுங்கள். கப்ளிங் நேராக இல்லாதது, பெல்ட் அளவுக்கு மேல் இறுகியது, அடிப்பலகை போல்ட் தளர்ந்தது, இவையும் பேரிங்கைத்தான் தின்னும். புதியது போடும் முன் இவற்றைப் பாருங்கள்.

கழற்றிய பேரிங்கைக் கழுவி எறிந்துவிடாதீர்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று குறித்து, வெட்டித் திறந்து, வளையங்களில் பந்துகள் ஓடும் பாதையைப் பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டு டிரைவில் ஓடும் மோட்டாராக இருந்து, பாதையில் குறுக்காக ஏணிப்படி மாதிரி சீரான வரிகள் தெரிந்தால், ஷாஃப்ட் வழியே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த கிரீஸும் அதைத் தடுக்காது. மின்காப்புள்ள பேரிங் அல்லது ஷாஃப்ட்டுக்குத் தரை இணைப்பு வேண்டும், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

புதியதை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது, இறுக்கமாகப் பொருந்தும் வளையத்தில் மட்டும் விசை விழ வேண்டும். மோட்டாரில் அது பெரும்பாலும் உள்வளையம். வெளிவளையத்தைச் சுத்தியால் தட்டி ஏற்றினால் அடி பந்துகள் வழியாகப் பாய்ந்து பாதையில் பள்ளம் விழும். அந்த பேரிங் முதல் நாளே முனகும். இண்டக்ஷன் ஹீட்டர் இருந்தால் சுமார் 110 டிகிரிவரை சூடாக்கி ஏற்றலாம், 120-ஐத் தாண்ட விடாதீர்கள். சீல் வைத்து கிரீஸ் நிரப்பியவற்றுக்கு 80 போதும். கேஸ் ஃபிளேம் கூடவே கூடாது.

9. ஸ்டோரும் காத்திருக்கும் இயந்திரங்களும்

பேரிங் பெட்டியைப் படுக்கவைத்து, அதிராத ரேக்கில், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். மாட்டும் நேரம்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. கிரீஸ் வாளியில் கையால் குழி தோண்டி எடுத்தால் அந்தக் குழியில் எண்ணெய் ஊறி நிற்கும், ஆகவே மேற்பரப்பைச் சமன்செய்து மூடுங்கள்.

கடைசியாக, ஓடாமல் காத்திருக்கும் மாற்று பம்புகள். ஓடவில்லை, எனவே கெடாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பக்கத்து பம்பின் அதிர்வு தரை வழியாக வந்து, நின்ற இடத்திலேயே பந்துகளை உரசவைத்து, பாதையில் பந்துக்குப் பந்து பள்ளம் போடும். வாரம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் சில சுற்றும் கூடவே ஒரு கால் சுற்றும் சுற்றி நிறுத்துங்கள், பந்துகள் வேறு இடத்தில் உட்காரும். கப்ளிங்கில் ஒரு பெயின்ட் கோடு போட்டு, அது இந்த வாரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பதிவேட்டில் எழுதினால், யார் சுற்றினார், யார் சுற்றாமலே கையெழுத்துப் போட்டார் என்பதும் தெரியும்.